மீதி இரண்டு

அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது:
வேன் வாடகை ஒன்பதாயிரம்,
நுழைவுச் சீட்டு பன்னிரண்டு,
முட்டை ஓர் அட்டை, முப்பது.
ஆளுக்கு இரண்டு,
ஓட்டுநர் ஒச்சோலாவுக்கு இரண்டு, வழிகாட்டிக்கு இரண்டு,
மீதி இரண்டு.

நகுரு சந்தையில் காய்கறி விற்கும் பன்னிரண்டு பெண்கள்
வாரம் இருபது ஷில்லிங்காக
ஒரு வருஷம் சேர்த்த பயணம்.
பதின்மூன்றாவதாக ஏறினாள் அவினோ.
கடனைக் கட்டவில்லையென்று
மார்ச்சில் நாங்கள் கைதூக்கி நீக்கிய அவினோ.
எழுநூற்றைம்பதை ஒச்சோலாவின் கையில் எண்ணி வைத்தாள்
(அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?)
கடைசி இருக்கையில், மடியில் ஒரு பையோடு உட்கார்ந்தாள்.
யாரும் முகம் கொடுக்கவில்லை.
வேன் முழுக்க வெங்காய வாசம்.

மொகோடியோவில் பூமத்திய ரேகை.
ஒரு பலகை, அவ்வளவுதான்.
வடக்கில் ஒரு கால், தெற்கில் ஒரு கால் வைத்து
எல்லோரும் படத்தில் நின்றோம்.
எடுத்துக் கொடுத்தவள் அவினோ.
யாராவது எடுக்க வேண்டுமே.

பொகோரியா முதலில் நிறமாகத்தான் வந்தது,
சாயத்துணி அலசிய தண்ணீரைப்போல் கரையோரம்.
பிறகு அந்த நிறம் நடந்தது.
பூநாரைகள்.
எண்ணுவது என் வேலை. நூறு வரை எண்ணினேன்,
அதற்குள் அந்த நூறும் இடம் மாறிவிட்டன.
தலையைக் கவிழ்த்து உப்புநீரைச் சலித்துக்கொண்டிருந்தன,
கல் பொறுக்கும் பெண்களைப்போல
வாய் ஓயாமல்.

"அங்கே ஒன்று," கை நீட்டினார் வழிகாட்டி டொரோய்டிச்,
"அந்தப் பட்ட மரத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு."
எங்களுக்குத் தெரிந்தது தண்ணீர்.
ஏரி ஏறிவிட்டதாம்,
வெந்நீர் ஊற்றுகள் அடியில் போய்விட்டனவாம்.
மேலே ஒரு புடைப்பு மட்டும்,
உலை கொதிக்கும்போது மூடி பதறுமே, அப்படி.
"இதற்கா காசு கட்டினோம்?" என்றாள் நியோகாபி,
தக்காளி விலை சொல்லும் அதே குரலில்.

கரையில் ஒன்று மிச்சமிருந்தது.
கந்தக நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திய ஜெரோட்டிச்
அட்டையைத் திறந்து எங்கள் முட்டைகளை முகர்ந்து பார்த்தாள்.
பானை வாயளவு ஒரு குழி.
சும்மா கிடந்தது. செருமியது. முழங்கால் உயரம் துப்பியது.
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
தலைக்கு மேல் எழுந்து நின்றது,
ஒரு கணம், வெள்ளையாக, ஆள்போல.
பன்னிரண்டு பேரும் ஓடினோம்.
மொராவின் ஒற்றைச் செருப்பு அங்கேயே.

முட்டையை எப்படி இறக்குவது?
என் கரண்டிக் காம்பு ஒரு சாண்,
ஆவியோ இரண்டு கை நீளம்.
அவினோ பையைத் திறந்தாள்.
வெங்காயத்தை மண்ணில் கொட்டிவிட்டு
அந்தச் சிவப்பு வலைப்பையில் முப்பதையும் அடுக்கினாள்.
டொரோய்டிச்சின் கைத்தடியை
கேட்காமலே வாங்கி, நுனியில் கட்டி,
முகத்தைத் திருப்பிக்கொண்டு இறக்கினாள்.
ஒச்சோலாவின் போனில் பதினோரு நிமிஷம்.
யாரும் பேசவில்லை. குழி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நான்தான் பங்கு வைத்தேன்.
கணக்குப்படிதான் வைத்தேன்.
மீதி இரண்டு என்று எழுதியிருந்தது,
அந்த இரண்டை அவள் முன்னால் வைத்தேன்.
அவள் ஒரு வெங்காயத்தைக் கல்லில் வைத்துக் குத்தி
நடுவில் தள்ளினாள்.
எல்லோரும் எடுத்தார்கள்.
நியோகாபி கடைசியாக.

திரும்பும் வழியில் முள்மரத்தடியில் குடு மான்,
முறுக்கிப் பிழிந்த துணிபோல் இரண்டு கொம்பு.
வேன் நின்றது. ஒருத்தி ஜன்னலைத் தள்ளப்போனாள்.
"அசையாதே," என்றது கடைசி இருக்கை.
அசையவில்லை. மானும்தான்.
அதன் காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பி
எதையோ கேட்டுவிட்டு, போதும் என்று போனது.

இரவு விளக்கடியில் புத்தகத்தைத் திறக்கிறேன்.
ஆவிபட்டு இரண்டு தாள் ஒட்டிக்கிடக்கிறது.
மெல்லப் பிரித்தால் மார்ச் மாதம்:
அவினோ, வெங்காயம், பாக்கி நாலாயிரத்து முந்நூறு.
அடிக்கவில்லை. அடிக்க எனக்கு அதிகாரமும் இல்லை.
என் பையின் அடியில் ஈரமாய் ஏதோ தட்டுப்பட்டது.
அவளுடைய வலைப்பை.
திங்கட்கிழமை
திருப்பிக் கொடுக்க வேண்டும்.